பத்து சென்ட் தக்காளித் தோட்டம்

வயல் வேலையில் பெற்றோருக்குக் கைகொடுக்க வேண்டும் என்பதற்காகவே பள்ளிகளுக்கு நீண்ட கோடை விடுமுறை ஏற்பட்டது என்றொரு நம்பிக்கை அமெரிக்காவில் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆனால் அந்நாட்டின் கல்வி வரலாறு அதற்கு இடங்கொடுப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிற்றூர்ப் பள்ளிகள் பலவும் விதைப்புக்கும் அறுவடைக்கும் வழிவிட்டுக் குளிர்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக இரண்டு பருவங்கள் நடத்தின; வெயிலையும் வசதி படைத்தோரின் வெளியூர்ப் பயணங்களையும் கருதி நீண்ட கோடை விடுமுறையை நிலைப்படுத்தியவை நகரத்துப் பள்ளிகளே, அந்த ஒழுங்கு பிறகுதான் கிராமங்களுக்குப் பரவியது. இப்படி வந்து சேர்ந்த விடுமுறை கிராமத்துப் பிள்ளைக்கு ஓய்வாக அமையவில்லை. 1900ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்து முதல் பதினைந்து வயதுவரையுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பதினேழரை லட்சம் பேர் வேலை செய்வோராகப் பதிவாயினர். அவர்களில் பெரும்பகுதியினர் நிலத்தில், அதுவும் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தின் நிலத்தில், கூலி என்ற பேச்சே இல்லாமல் உழைத்தவர்கள். அந்த உழைப்பின் ஒரு சிறு பகுதி, இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள், பிள்ளையின் சொந்த விருப்பமாகவும் போட்டியாகவும் சுற்றுலாவாகவும் முகாமாகவும் உருமாறியது. பிற்காலத்தில் 'ஃபோர்-எச்' என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்ட இளையோர் சங்கங்களின் தொடக்கம் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

மாற்றத்தைத் தொடங்கிவைத்தவர்களின் நோக்கம் பிள்ளைகளைப் பற்றியது மட்டுமல்ல. இலினாய் மாநிலத்தின் மக்கூப்பின் கவுண்ட்டியில் (கவுண்ட்டி என்பது மாநிலத்துக்குள் அடங்கிய, நம் மாவட்டத்தை ஒத்த நிர்வாகப் பிரிவு) உழவர் கூட்டங்களை நடத்திவந்த வில் ஆட்வெல், அழைத்தும் பெரியவர்கள் வராததைக் கண்டு, நல்ல மக்காச்சோள விதையைப் பிள்ளைகளுக்கு அனுப்பிப் பரிசும் அறிவித்தார். விளைந்த கதிரைக் காட்டப் பிள்ளைகள் கிளம்பியபோது தகப்பன்மாரும் உடன் வரவேண்டியதாயிற்று. பெரியவர்களின் பழக்கத்தை மாற்றப் பிள்ளைகளின் வழியாகச் செல்வது என்ற இந்த உத்தி அதன்பின் அந்த இயக்கத்தை விட்டு நீங்கவேயில்லை. ஒஹையோவின் கிளார்க் கவுண்ட்டியில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த ஏ. பி. கிரகாம் 1902 ஜனவரி 15 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு நகர நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஏறத்தாழ முப்பது பிள்ளைகளைக் கூட்டினார். லிட்மஸ் தாளால் மண்ணின் புளிப்பைச் சோதிப்பதும், தேர்ந்த விதைகளை வீட்டருகே சிறு பாத்தியில் விதைத்துக் கணக்கு எழுதுவதும், காட்டுப் பூக்களையும் பூச்சிகளையும் இனம் காண்பதும் அவர் வகுத்த வேலைகள். அதே காலத்தில் இலினாயின் வின்னபேகோ கவுண்ட்டியில் ஓ. ஜே. கெர்ன் சிறுவர் சங்கம் அமைத்து, அவர்களைப் பெற்றோருடன் ரயிலில் ஏற்றி அர்பானாவிலிருந்த வேளாண் கல்லூரிக்கு அழைத்துச் சென்றார். பாடமும் உல்லாசப் பயணமும் ஒன்றாகக் கலந்த வெளியூர்ப் பயணங்களுக்கு இதுவே முன்மாதிரி. அயோவாவின் பேஜ் கவுண்ட்டியில் ஜெஸ்ஸி ஃபீல்டு என்ற ஆசிரியை சிறுவருக்கு மக்காச்சோளச் சங்கமும் சிறுமியருக்கு இல்லச் சங்கமும் நிறுவி, 1906இல் அந்தக் கவுண்ட்டியின் பள்ளிகள் அனைத்துக்கும் கண்காணிப்பாளரான பின், குளோவர் என்னும் தீவனச் செடியின் மூவிலை வடிவில் ஒரு சின்னத்தைப் பரிசாகக் கொடுக்கத் தொடங்கினார். இளைஞர் கிராமத்தைவிட்டு நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. 1908இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் நாட்டுப்புற வாழ்க்கையை ஆராய ஓர் ஆணையமே அமைத்தார் என்பதிலிருந்து அந்தக் கவலையின் அளவு விளங்கும்.

தென்மாநிலங்களில் கவலை வேறு வகையானது. பருத்திக்காயைத் துளைத்து உள்ளிருந்தே அழிக்கும் கூன்வண்டு மெக்சிகோவிலிருந்து டெக்சாசுக்குள் புகுந்து கிழக்கு நோக்கிப் பரவிக்கொண்டிருந்தது. பருத்தி ஒன்றையே நம்பிய உழவர்களுக்கு வேறு பயிர் காட்டும் பொறுப்பு மத்திய வேளாண் துறையின் சீமன் நேப்பிடம் வந்தது. எழுபது வயதை எட்டிய நேப், அறிவுரையைவிடக் கண்ணெதிரே விளைந்து நிற்கும் ஒரு வயலையே உழவன் நம்புவான் என்று கருதியவர். அதனால் உழவரின் சொந்த நிலத்திலேயே செய்துகாட்டும் முறையை வகுத்தார். மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்ட்டியில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் ஹால் ஸ்மித் 1907இல் திரட்டிய சிறுவர் மக்காச்சோளச் சங்கத்தை அந்த முறையோடு இணைத்துக்கொண்ட நேப், ஸ்மித்துக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு ஊதியத்தில் அரசுப் பதவியும் கொடுத்தார். இளையோர் சங்கம் அரசின் கிளையாக மாறிய இடம் அது. சிறுவனுக்கு ஒரு ஏக்கர்; போட்டியில் விளைச்சலுக்கு முப்பது, இலாபத்துக்கு முப்பது, கண்காட்சியில் வைக்கும் பத்துக் கதிர்களுக்கு இருபது, பயிரின் வரலாறாக அவன் எழுதும் கட்டுரைக்கு இருபது என மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டன. 1909இல் மிசிசிப்பி, ஆர்க்கன்சா, வர்ஜீனியா, தென் கரோலினா ஆகிய நான்கு மாநிலங்களின் முதற்பரிசுச் சிறுவர்களுக்கு வாஷிங்டன் பயணம் கிடைத்தது. மறு ஆண்டு தென் கரோலினாவின் ஜெர்ரி மூர் என்ற பதினைந்து வயதுச் சிறுவன் ஒரே ஏக்கரில் 228¾ புஷல் மக்காச்சோளம் விளைவித்தான். புஷல் என்பது தானியத்தை அளக்கும் கொள்ளளவு. மக்காச்சோளத்தில் அது ஏறத்தாழ 25 கிலோ. அந்த மாநிலத்தின் அன்றைய சராசரி ஏக்கருக்கு இருபது புஷலையும் எட்டாதது என்பதை அறிந்தால், அச்சிறுவனின் பெயர் செய்தித்தாள்களில் பரவியதில் வியப்பில்லை.

இந்தப் போட்டிகளின் உண்மையான புதுமை விளைச்சலில் இல்லை, கணக்கில் இருந்தது. இலாபத்தைக் கணிக்க வேளாண் துறை வகுத்த விதிப்படி, நிலத்துக்கு ஏக்கருக்கு ஐந்து டாலர் வாடகை எழுத வேண்டும். குதிரையின் உழைப்புக்கு மணிக்கு ஐந்து சென்ட், சிறுவனின் சொந்த உழைப்புக்கு மணிக்குப் பத்து சென்ட். தகப்பன் நிலத்தில் மகன் செய்யும் வேலைக்கு விலை உண்டு என்பதை ஒரு குடும்பத்தின் மேசைமீது எழுதிக் காட்டிய முதல் ஏடு அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். கன்றாக இருக்கும்வரை அது மகனுடையது, பசுவானதும் தகப்பனுடையது என்று அமெரிக்க உழவர்களிடையே ஒரு கேலிப் பேச்சு வழங்கிவந்தது; சங்கத்தின் கணக்குப் புத்தகம் அந்தப் பழைய வழக்கத்தோடு நேரடியாக மோதியது. வீட்டு வேலையைப் பொழுதுபோக்கிலிருந்து பிரித்தது வேலையின் தன்மையல்ல, ஏனெனில் களையெடுப்பு இரண்டிலும் ஒன்றே. எல்லை வகுத்த ஒரு துண்டு நிலமும், பிள்ளையின் பெயர் எழுதிய ஓர் ஏடும், வந்த பணத்தைத் தானே செலவிடும் உரிமையுமே அந்தப் பிரிவை உண்டாக்கின. இயக்கத்தை நடத்திய அதிகாரிகள் இதை முழுமையாக உணர்ந்திருந்தார்களா என்பது ஐயத்துக்குரியது; அவர்களுக்கு அந்த ஏடு விஞ்ஞான உழவின் நன்மையை அண்டை வீட்டாருக்குக் காட்டும் சான்றாகவே தோன்றியது.

சிறுமியர் விஷயத்தில் அந்த ஏட்டின் விளைவு இன்னும் கூர்மையானது. தென் கரோலினாவின் எய்க்கன் அருகே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் கற்பித்துவந்த மேரி கிரோமர், 1909ஆம் ஆண்டின் இறுதியில் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் சிறுவர் மக்காச்சோளச் சங்கங்களைப் பற்றிய உரையைக் கேட்டுத் திரும்பியபின், சிறுமியருக்கு ஏன் அத்தகைய சங்கம் இல்லை என்ற கேள்விக்குத் தாமே விடை தேடினார். 1910இல் அவர் திரட்டிய 47 சிறுமியருக்குப் பயிர் தக்காளி. ஆளுக்கு நிலம் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தமிழ்நாட்டு அளவையில் பத்து சென்ட். சிறுவனுக்கு ஒரு ஏக்கரும் சிறுமிக்கு அதில் பத்தில் ஒன்றும் என்ற பங்கீட்டில் அக்காலத்தின் மனப்பாங்கு தெரிகிறது என்றாலும், ஒரு சிறுமி தனியாகக் கொத்தி நட்டுப் பாதுகாக்கவும், பறித்ததைப் பக்குவம் செய்யவும் அந்த அளவே மிகுதியான வேலை. நட்டது, உரமிட்டது, கட்டியது, பறித்தது அனைத்தும் சிறுமியின் கையாலேயே நடக்க வேண்டும் என்பது விதி. உழுவதற்கு மட்டும் பிறர் உதவலாம், அந்தக் கூலியையும் செலவில் எழுத வேண்டும். முதல் ஆண்டின் முடிவில் கேட்டி கன்டர் என்ற சிறுமி தன் பத்து சென்ட் நிலத்திலிருந்து 512 டப்பாத் தக்காளி அடைத்து, செலவுபோக நாற்பது டாலர் இலாபம் கண்டாள். பரிசாக ராக் ஹில் நகரிலிருந்த வின்த்ராப் மகளிர் கல்லூரியில் பயிலும் உதவித்தொகையும் அவளுக்குக் கிடைத்தது.

தக்காளியைத் தேர்ந்ததற்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது. உணவைக் கலத்தில் அடைத்துக் காற்றுப் புகாமல் மூடிச் சூடேற்றினால் கெடாது என்பதை பிரெஞ்சு மிட்டாய்க்காரர் நிக்கொலா அப்பேர் பல ஆண்டுச் சோதனைகளால் கண்டு 1810இல் நூலாக வெளியிட்டார். ஏன் கெடுவதில்லை என்பது நுண்ணுயிர்களைப் பற்றிய லூயி பாஸ்டரின் ஆய்வுகளுக்குப் பிறகே புரிந்தது. காற்றற்ற இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிக்கும் நீரின் சூட்டில் சாவதில்லை. அவற்றைக் கொல்ல நீராவியை அழுத்தத்தில் அடக்கி 121 பாகை செல்சியஸ்வரை சூடேற்ற வேண்டும். ஆனால் புளிப்பு மிகுந்த பண்டத்தில் அந்த வித்து முளைப்பதில்லை. தக்காளிக்கு அந்தப் புளிப்பு பெரும்பாலும் இயல்பாகவே உண்டு என்பதால், கொல்லைப்புறத்தில் விறகடுப்பின்மீது வைத்த வெந்நீர்த் தொட்டியிலேயே அதைப் பக்குவம் செய்யலாம்; பீன்சையும் சோளக்கதிரையும் அப்படிச் செய்வது ஆபத்து. மூன்று நாள் தொடர்ந்து நாளுக்கொரு முறை வேகவைக்கும் முறையைச் சில காலம் கையாண்ட வேளாண் துறை, 1917இல்தான் புளிப்பில்லாத காய்கறிகளுக்குப் பிரஷர் குக்கரே வேண்டும் என்று பரிந்துரைத்தது. வெயிலும் உப்பும் நல்லெண்ணெயும் கொண்டு மாங்காயை ஆண்டு முழுவதும் காக்கும் ஊரில் இத்தனை ஏற்பாடும் மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஈரக்காற்று வீசும் தென் கரோலினாவின் கோடையில் சதைப்பற்றுள்ள தக்காளியை வெயிலில் உலர்த்தி வைப்பது எளிதல்ல.

வேலை நடந்த விதம் பெரும்பாலும் கூட்டு வேலை. சிறுமியர் ஒரு வீட்டின் மரநிழலிலோ பள்ளி வளாகத்திலோ கூடி, பழுத்தும் கனிந்து குழையாத பழங்களைப் பொறுக்கி, கம்பிக் கூடையில் வைத்துக் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி உடனே குளிர்நீரில் முக்குவார்கள். தோல் கையோடு உரிந்து வரும். காம்பின் அடிக்கட்டையைக் குடைந்தெடுத்துவிட்டு, தண்ணீர் கலவாமல் பழத்தை அதன் சாற்றோடு தகர டப்பாவில் நிரப்புவது அடுத்தது. அக்கால டப்பாவின் மேற்புறத்தில் ஒரு வட்டத் திறப்பு இருக்கும். அதன்மீது நடுவில் ஊசித் துளையுள்ள மூடியை வைத்து, காய்ச்சிய வட்ட இரும்பை அழுத்தி ஓரம் முழுவதும் ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். டப்பாவைச் சிறிது சூடேற்றி உட்காற்றை அந்தத் துளை வழியே வெளியேற்றிய பின், துளையையும் ஒரு சொட்டு ஈயத்தால் அடைத்து, வெந்நீர்த் தொட்டியில் இறக்குவார்கள். பற்று சரியில்லையென்றால் நீருக்கடியில் குமிழி கிளம்பும். அந்த டப்பாவை எடுத்து மறுபடியும் பற்றவைக்க வேண்டும். குளிர்ந்தபின் டப்பாவின் இருபுறமும் உட்குழிந்து நிற்பது நல்ல அடைப்பின் அடையாளம், புடைத்திருந்தால் உள்ளே கெட்டுவிட்டது என்று பொருள். சமையலறையில் பழகிய தாய்மாருக்கு ஈயம் காய்ச்சும் வேலை அந்நியம். பதின்மூன்று வயது மகள் அதைச் செய்துகாட்டுவதைப் பார்க்கத்தான் பலரும் வந்தனர். நேப்பின் செய்துகாட்டும் முறை இங்கும் பலித்தது.

அதே ஆண்டுகளில், குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்த தேசியக் குழுவுக்காக ஒளிப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன், மேரிலாண்டின் காய்கறி அடைக்கும் ஆலைகளிலும் மிசிசிப்பியின் பிலாக்சியில் சிப்பி உடைக்கும் கொட்டகைகளிலும் ஏழெட்டு வயதுக் குழந்தைகள் கூலிக்கு வேலை செய்வதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய படத்துக் குழந்தையும் தக்காளிச் சங்கத்துச் சிறுமியும் செய்தது ஏறத்தாழ ஒரே வேலை. இரண்டையும் பிரித்தது டப்பாவின்மீது யாருடைய பெயர் ஒட்டப்பட்டது என்பதே. 1913 முதல் சங்கத்துச் சிறுமியர் தங்கள் டப்பாக்களில் நான்கிலைக் குளோவர் பொறித்த பொதுச் சீட்டை ஒட்டி விற்றனர். தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் எச் என்ற எழுத்தில் தொடங்குவதால் அந்தச் சின்னத்தின் ஒவ்வோர் இலையிலும் ஓர் எச் இருந்தது. எடை குறையாமலும் தண்ணீர் கலவாமலும் இருப்பதே அச்சீட்டின் உறுதி. ஆண்டிறுதியில் ஒவ்வொரு சிறுமியும் தன் பயிரின் வரலாற்றைச் சிறு கையேடாக எழுதித் தைத்து ஒப்படைக்க வேண்டும். வட கரோலினாவில் இன்றும் காக்கப்பட்டுவரும் அத்தகைய கையேடுகள் சிலவற்றின் அட்டைகள் தக்காளி வடிவில் வெட்டப்பட்டு வண்ணம் தீட்டப்பட்டவை; உள்ளே நாற்று நட்டது, வறட்சி, வண்டு, பறித்த எடை, டப்பாவின் விலை எல்லாம் வரிசையாக வருகின்றன. பருத்தித் தோட்ட நாட்டில் சாதாரண வீட்டுச் சிறுமியர் தங்கள் உழைப்பைத் தாங்களே எழுதிவைத்த ஏடுகள் இவற்றுக்கு முன் அரிது என்பதால், வரலாற்றாளருக்கு இவை பரிசளிப்புப் பட்டியல்களைவிட மதிப்புடையவை.

பணம் வந்தபின் அது எங்கே போயிற்று என்பதும் கவனிக்கத்தக்கது. துணி, பள்ளிப் புத்தகம், கல்லூரிக் கட்டணம் ஆகியவை அடிக்கடி குறிப்பிடப்படுகின்றன. முதற்பரிசாகக் கல்லூரி உதவித்தொகை அமைந்ததாலும், அந்தக் கல்லூரிகளில் இல்ல அறிவியல் புதிய துறையாக வளர்ந்துகொண்டிருந்ததாலும், தக்காளிச் சங்கத்திலிருந்து ஆசிரியர் வேலைக்கும் அரசுப் பதவிக்கும் ஒரு பாதை திறந்தது. 1910இல் வர்ஜீனியாவில் எலா ஆக்னியூ என்பவர் சிறுமியர் சங்கப் பணிக்கு அரசு நியமித்த முதல் பெண் அதிகாரிகளுள் ஒருவரானார். 1911இல் வட கரோலினாவின் பொறுப்பேற்ற ஜேன் மெக்கிம்மன் அவ்வாண்டே பதினான்கு கவுண்ட்டிகளில் 416 சிறுமியரைச் சேர்த்தார். மத்திய அரசின் பணத்தைச் சிறுமியர் சமையலுக்குச் செலவிட அப்போது சட்டத்தில் தெளிவான இடமில்லாததால், ராக்ஃபெல்லர் நன்கொடையில் இயங்கிய பொதுக் கல்வி வாரியமே தொடக்கச் செலவை ஏற்றது. 1914 மே 8 அன்று குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட ஸ்மித்–லீவர் சட்டம், வேளாண் கல்லூரிகளின் அறிவை ஊர்தோறும் கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணிக்கு மத்திய அரசும் மாநிலங்களும் இணைந்து நிதி தர வழிசெய்து, இந்தச் சங்கங்களை நிலையான அமைப்பாக்கியது.

அடைத்த தக்காளியில் ஒரு பகுதி சந்தைக்குப் போகாமல் வீட்டு அலமாரியில் தங்கியதும் முக்கியமே. மக்காச்சோள ரொட்டி, பன்றிக்கொழுப்பு, சர்க்கரைப்பாகு ஆகிய மூன்றே தென்மாநிலங்களின் பல ஏழைக் குடும்பங்களுக்குக் குளிர்கால உணவாக இருந்தன. தோல் வெடித்து மனமும் கலங்கும் பெலக்ரா என்ற நோய் அங்கே கொள்ளைநோய்போல் பரவியிருந்ததும், அது தொற்றல்ல, குறையுணவின் விளைவே என்று அரசு மருத்துவர் ஜோசப் கோல்ட்பர்கர் 1914க்குப் பிந்தைய ஆய்வுகளில் நிறுவியதும் அந்தப் பின்னணியில்தான். சங்கங்கள் தக்காளியோடு நிற்காமல் ரொட்டி சுடுதல், கோழி வளர்ப்பு, பால் உணவு, தையல் என விரிந்தன. பல கவுண்ட்டிகளில் முதல் ஆண்டுத் தையல் பாடம் வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் தைப்பது; தானே தைத்ததை அணிந்துகொண்டே சிறுமி டப்பா அடைக்க வருவாள்.

இத்தனைக்கும் அடிப்படையான அந்தப் பத்து சென்ட் நிலம் எல்லாருக்கும் வாய்க்கவில்லை. தென்மாநிலங்களில் பெருந்தொகையினர் வாரத்துக்கு உழுத குடிகள். நிலக்கிழார் வாசற்படிவரை பருத்தி நடச் சொல்லும்போது மகளுக்கென்று ஒரு பாத்தியை ஒதுக்கக் குடியானவனால் இயலாது. கறுப்பினக் குடும்பங்களுக்கு இந்தத் தடையோடு நிறவேற்றுமையும் சேர்ந்தது. டஸ்கீகி கல்வி நிலையத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வடிவமைத்த குதிரை வண்டியை ஊர் ஊராக ஓட்டி உழவு கற்பித்த தாமஸ் மன்ரோ கேம்பல் 1906இலேயே மத்திய வேளாண் துறையின் முதல் கறுப்பின விரிவாக்கப் பணியாளராக நியமிக்கப்பட்டவர். 1912 அளவில் கறுப்பினப் பெண்களும் வீட்டு வேலைகளைச் செய்துகாட்டிக் கற்பிக்கும் இல்ல விளக்கப் பணிக்கு அமர்த்தப்பட்டனர். ஆனால் 1914ஆம் ஆண்டுச் சட்டம் நிதியைப் பெறும் கல்லூரியைத் தேரும் உரிமையை மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டது. கறுப்பினக் கல்லூரிகளுக்கும் பங்கு உறுதியாக வேண்டும் என்ற திருத்தம் நிறைவேறவில்லை. விளைவாகத் தென்மாநிலங்களில் ஒரே சின்னத்தின்கீழ் இரண்டு சங்கங்கள் இயங்கின: ஒன்றுக்கு அலுவலகமும் முகாமும் பயணப்படியும் இருக்க, மற்றொன்றுக்கு ஒரு பணியாளர் பல கவுண்ட்டிகளைச் சுற்றவேண்டிய நிலை. தலைநகரில் ஆண்டுதோறும் நடந்த தேசிய முகாமில் கறுப்பினச் சிறுவருக்கு இடமில்லாததால், அவர்களுக்கென்று தனி வட்டார முகாம் 1948இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் தொடங்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பின் இரு அமைப்புகளும் ஒன்றாக்கப்பட்டபோது, கறுப்பினத் தலைமைப் பணியாளர் பலர் வெள்ளையருக்குக் கீழான பதவிகளுக்கு இறங்கினர். நல்ல நோக்கத்தின் பெயரால் எழுதப்படும் இயக்க வரலாறுகள் இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே கடந்துவிடுகின்றன.

முகாம் என்ற வழக்கம் சங்கங்களுக்குள் வந்தது அயோவாவில்தான். 1910 அளவில் ஜெஸ்ஸி ஃபீல்டு கிளாரிண்டா ஊரில் கூடாரங்கள் அமைத்துச் சிறுவருக்கும், அடுத்துச் சிறுமியருக்கும் முகாம் நடத்தினார். காலையில் விதைத் தேர்வும் சமையலும், மாலையில் விளையாட்டும் பாட்டும். 1921இல் மேற்கு வர்ஜீனியாவின் ஜாக்சன்ஸ் மில் என்ற இடத்தில், உள்நாட்டுப் போரில் தென்பகுதித் தளபதியாக இருந்த ஸ்டோன்வால் ஜாக்சன் சிறுவயதில் வளர்ந்த பண்ணையில், மாநில அளவிலான முதல் நிலையான முகாம் எழுந்தது. 1927 ஜூனில் வாஷிங்டனில் வேளாண் துறைக் கட்டடத்தை ஒட்டிய புல்வெளியில் கூடாரமடித்து முதல் தேசிய முகாம் நடந்தபோது, சங்கத்தின் உறுதிமொழியும் அங்கே ஏற்கப்பட்டது. கோடையில் ஒரு வாரம் வீட்டைவிட்டு வேறிடத்தில் உறங்குவது என்பதே பண்ணைப் பிள்ளை பலருக்குப் புதிய அனுபவம். கட்டணத்தைப் பணமாகத் தர முடியாதோர் முட்டை, உருளைக்கிழங்கு, கோழி என்று கொண்டுவந்து முகாமின் சமையற்கட்டில் கொடுத்தனர். 1930களின் பெருமந்தத்தில் பல முகாம்கள் இப்படித்தான் நடந்தன. நீச்சல், பறவை இனங்காணல், மரவேலை, நெருப்பைச் சுற்றியமர்ந்து பாடுதல் என முகாமில் கற்றவை ஊர் திரும்பியதும் புதிய பொழுதுபோக்குகளாயின. விளைச்சலையே அளந்துகொண்டிருந்த சங்கம், இசையையும் இயற்கை ஆய்வையும் ஒளிப்படக் கலையையும் தன் பாடங்களில் சேர்த்தது ஓரளவுக்கு இந்த முகாம்களின் வழியாகவே.

வணிகரும் விலகி நிற்கவில்லை. கன்று வாங்க வங்கி சிறுவனுக்குக் கடன் கொடுத்தது, அவன் கன்றை வளர்த்துக் கண்காட்சியில் விற்று வட்டியோடு திருப்பினான். ரயில் நிறுவனங்கள் வென்றவர்களைச் சிகாகோவின் கால்நடைக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றன. இறைச்சி நிறுவனங்களின் ஆதரவோடு 1921இல் சிகாகோவில் இச்சங்கங்களுக்கென ஒரு தேசியக் குழுவும் அமைந்தது. நாளைய வாடிக்கையாளரை இன்றே பழக்கும் கணக்கு இதில் இருந்தது வெளிப்படை. கையால் வளர்த்த கன்றைக் கசாப்புக்கு ஏலமிடும் நாளில் பிள்ளைகள் அழுவது கண்காட்சிகளில் வழக்கமான காட்சியாயிற்று. இலாபக் கணக்கில் அதற்கென்று ஒரு பத்தி இல்லை.

இரண்டு உலகப் போர்களும் டப்பா அடைக்கும் வேலையை நாட்டுப்பற்றாக உயர்த்தின. தகரம் போருக்குத் தேவைப்பட்டதால் கண்ணாடிச் சாடிகள் அதன் இடத்தைப் பிடித்தன, ஈயம் காய்ச்சும் திறமையும் அத்தோடு மறைந்தது. 1950களில் குளிர்பதனப் பெட்டியும் பெருங்கடைகளும் பரவவே, அடைத்து வைப்பது வீட்டுத் தேவை என்ற நிலையிலிருந்து விருப்பமுள்ளோரின் கைவேலையாக இறங்கியது. பண்ணைகளின் எண்ணிக்கை சரியச் சரியச் சங்கங்கள் நகரத்துக்கு நகர்ந்து, நாய் பழக்குதல், மாதிரி ராக்கெட் செய்தல், பின்னாளில் கணினி நிரல் எழுதுதல்வரை பாடங்களை விரித்தன. 1973இல் உறுதிமொழியின் முடிவில் சங்கம், சமூகம், நாடு ஆகியவற்றோடு உலகம் என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது.

உலகம் அதற்கு வெகு முன்பே சேர்ந்துவிட்டது. கனடாவில் 1913இல் மனிட்டோபாவின் ரோலண்டு என்ற சிற்றூரில் முதற்சங்கம் எழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான், தென் கொரியா, தைவான் ஆகிய நாடுகளில் அமெரிக்க அதிகாரிகளின் ஊக்கத்தோடு கிராம இளைஞர் சங்கங்கள் பெருகின. ஃபின்லாந்தில் 1928 முதல் இயங்கும் அமைப்பு வேறொரு திசையில் வளர்ந்திருக்கிறது. காய்கறிப் பாத்தியோடும் காட்டுப் பயணத்தோடும் தொடங்கிய அது, இன்று பதின்மூன்று வயதைத் தாண்டியோர் தமக்கெனச் சிறு தொழில் நடத்த வழிகாட்டுகிறது: அண்டை வீட்டுப் புல்வெளியை வெட்டுவது, கேக் சுட்டு விற்பது, நாய்களை உலாவ அழைத்துச் செல்வது, முதியோரின் கைப்பேசியைச் சரிசெய்து கொடுப்பது போன்றவை அத்தொழில்கள். கோடை வேலை தேடும் இளையோருக்கு வேலை கொடுப்போரை இணைத்துவைப்பதும், வேலை ஒப்பந்தம், ஊதியம், வரி ஆகியவற்றை விளக்கும் சிறு பயிற்சியை அவர்களுக்கு முன்கூட்டியே அளிப்பதும் அந்நாட்டின் உள்ளூர்ச் சங்கங்கள் வழக்கமாகச் செய்யும் பணிகள்.